ஆத்தாவும் நானும் போட்ட தோப்புக்கரணம்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது பலசாலியாகிவிடுவது என்று தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அடித்துவிடவில்லை. நானும் யாரையும் அடிப்பதாக இல்லை. எங்கள் வீட்டு வாசல்கதவுக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை போடுவார்கள். அதை நான் ஒருவனாகத் தூக்கி எடுக்க வேண்டும். எனக்கு வேண்டிய பலம் அவ்வளவுதான். அதற்கு மேல் கிடைத்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்காது.

திருமயத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அவ்வளவு நீள வீட்டுக்கு ஏற்ற கதவு. அந்தக் கதவுக்கு ஏற்ற கட்டை. நிலையின் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கிகள் பதித்திருக்கும். பொழுது சாய்ந்ததும் கட்டையின் ஒரு முனையை என்னைப் பெற்ற ஆத்தாவும் மறுமுனையை அத்தையும் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்கி, கொக்கிகளில் உட்கார வைப்பார்கள். விடிந்ததும் அதே போல எடுத்துச் சுவரோரம் சாய்ப்பார்கள். அத்தை என் தகப்பனாரின் அக்காள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். தகப்பனாரை நான் அப்பச்சி என்று கூப்பிடுவேன். கூப்பிட அவர் ஊரில் இருந்தால்தானே! அவர் பர்மாவில் இருந்தார். கட்டையும் பர்மாத் தேக்குதான். "மரம் இங்கிட்டு வந்துருச்சு, மனுசன் அங்கிட்டுப் போயிட்டான்" என்று அத்தை கட்டையைத் தூக்கும்போதெல்லாம் சொல்வாள்.

அந்த வீட்டை என் தகப்பனாரைப் பெற்ற ஐயா நான்கு பிள்ளைகளுக்காகக் கட்டினார். பங்கு பிரிந்ததும் மற்ற மூவரும் வேறு தெருக்களில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நடுவிலே வானம் தெரியும் வளவைச் சுற்றி அவரவர் அறைகள் மட்டும் பூட்டிக் கிடந்தன. சாவிகள் அவரவரிடம். வீட்டில் ஆட்கள் மூன்று பேர். பூட்டுகள் எங்களைவிட அதிகம். வளவின் ஒரு மூலையில் நின்று என் பெயரை நானே கூப்பிட்டால் எதிர் மூலையிலிருந்து யாரோ கூப்பிடுவது போலத் திரும்பி வரும். பல்லாங்குழி ஆடினால் வலது கைக்கும் இடது கைக்கும்தான் ஆட்டம். வலது கை கள்ளாட்டம் ஆடும். இடது கைக்காக நானே சண்டை பிடிப்பேன்.

பக்கத்து வீட்டில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் சத்தம் சுவர் தாண்டி வரும். அதைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிடுவேன். தனிமை என்கிற சொல்லெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் வயிறு வலிக்கிறது என்பேன். அத்தை ஓமத் தண்ணீர் கொடுப்பாள். காரணமில்லாத அழுகைக்கு அது நல்ல மருந்துதான். மறுபடியும் குடிக்க நேருமே என்ற பயத்தில் அழுகை நின்றுவிடும்.

அப்பச்சியை எனக்கு அதிகம் பழக்கமில்லை. எங்கள் ஊர் ஆண்கள் கடல் தாண்டிப் போனால் மூன்று வருடம் கழித்துத்தான் திரும்புவார்கள். முந்திய தடவை அவர் வந்தபோது எனக்கு ஐந்து வயது இருக்கும். ஆத்தாவும் அத்தையும் கட்டையை எடுத்துக் கதவைத் திறந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். என் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து, என் தலை நிலையின் மேல்கட்டையைத் தொடுகிற உயரத்துக்குத் தூக்கினார். நான் வீல் என்று கத்தினேன். ஆனால் மறுநாள் காலையில் கண் விழித்ததும் அவரைத் தேடிப் போய்க் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஊரில் இருந்த வரையில் எனக்கு அதுதான் காலை ஆகாரம்.

அவர் திரும்பிப் போன விடியற்காலையில் நான் ஒரு தந்திரம் செய்தேன். கட்டையை எடுத்தால்தானே கதவு திறக்கும்? கதவு திறந்தால்தானே அப்பச்சி போக முடியும்? கட்டையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு தொங்கினேன். வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஆத்தா கெஞ்சினாள், அத்தை திட்டினாள். கடைசியில் அப்பச்சி குனிந்து என் காதோரம் சொன்னார்.

"இந்தா பாருப்பா. நான் திரும்பி வர்றப்ப இந்தக் கட்டைய நீ ஒருத்தனா எடுத்துக் கதவத் தொறந்துவிடு. அப்பறம் ஒன்ன விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்."

ரயிலுக்கு நேரமாகிற அவசரத்தில் பெரியவர்கள் சொல்லுகிற சொல்தான். நான் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். கையை விட்டேன். அவர் போய்விட்டார்.

அவர் வர வேண்டிய வருடத்தில் யுத்தம் பர்மாவுக்குள் நுழைந்தது. ரங்கூனில் குண்டு விழுந்ததாகச் சொன்னார்கள். கடிதம் வருவது நின்றது, பணம் வருவது நின்றது. தண்ணீர் எடுக்கவும் நெல் குத்தவும் வந்துகொண்டிருந்த பெண்களை ஆத்தா நிறுத்திவிட்டாள். திருட்டுப் பயம் வேறு. பகலிலும் வாசல்கதவுக்குக் கட்டை போட்டார்கள். போக்குவரத்தெல்லாம் கொல்லை வழிதான். தெருவில் பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். நல்ல கோடையில் மழையைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்குத் தோன்றும். அப்பச்சி எங்கே என்று ஆத்தாவைக் கேட்டேன்.

"வந்துக்கிட்டு இருக்காக" என்றாள்.

அவ்வளவு போதும். அப்பச்சி வந்துகொண்டிருக்கிறார், கட்டையோ என் கைக்கு அசையக்கூட இல்லை. அன்று பிடித்தது எனக்குப் பதற்றம்.

பலசாலி ஆவது எப்படி என்று கேட்கவும் ஆளில்லை. அப்பச்சி முன்பு கொண்டுவந்த தைல டப்பா ஒன்று காலியாகிக் கிடந்தது. அதன் மூடியில் ஒரு பயில்வான் படம். புலித்தோல் உடுத்து, மீசையை முறுக்கி, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நிற்பார். என்ன செய்து அப்படி ஆனார் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் இருக்கலாம். எழுத்தெல்லாம் பர்மா எழுத்து. தேன்குழல் பிழிந்து வைத்தது போலச் சுழி சுழியாக இருந்தது. ஆகவே அவர் நின்று நின்றே ஆனார் என்று வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, வளவுத் தூணுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மூச்சை இழுத்து மார்பை விரிப்பேன். விலா எலும்புகள் மட்டும் நன்றாகத் தெரிந்தன.

"ஏண்டா, தூணு விழுந்துரும்னு காவலுக்கு நிக்கிறியா?" என்று அத்தை கேட்டாள்.

நின்று பயனில்லை என்று தெரிந்து, எதையாவது தூக்கிப் பார்ப்பது என்று இறங்கினேன். ஆட்டுக்கல் குழவிதான் முதலில் கிடைத்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வரை தள்ளாடித் தள்ளாடிக் கொண்டுபோய்விட்டேன். கொண்டுபோன பலம் திரும்பக் கொண்டுவர மிஞ்சவில்லை. குழவியை வாழையடியில் போட்டுவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் காலையில் அத்தை வீடெல்லாம் தேடினாள். குழவியைத் திருடுகிற திருடனும் உண்டா என்று தெருவே கேட்கும்படி கேட்டாள். கொல்லையில் அதைக் கண்டதும் திருடன் பாதி வழியில் மனம் மாறிவிட்டான் என்று முடிவு செய்து, சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். எனக்கு இரண்டு சில் கிடைத்தது.

பிறகு எனக்கு ஒரு கூட்டாளி அமைந்தது. கொல்லைச் சுவரில் ஒரு ஓணான் வரும். வெயில் ஏற ஏற, முன்கால்களை ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கித் தண்டால் எடுக்கும். கழுத்து சிவந்து போகும். எங்கள் ஊர்ப் பையன்கள் ஓணானைக் கண்டால் கல்லெடுக்காமல் விடமாட்டார்கள். நானும் எடுத்தவன்தான். அன்று கல்லைக் கீழே போட்டுவிட்டு, கிணற்றடியில் கைகளை ஊன்றிப் படுத்தேன். அது ஏறினால் நானும் ஏறுவேன். அது இறங்கினால் நானும் இறங்குவேன். முதலில் சில நாள் நான் இறங்குவதோடு சரி. மூக்கில் மண் ஒட்டும். அது தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும். சிரிக்கவில்லை. ஊரில் என்னோடு சேர்ந்து ஒரு காரியம் செய்ய அதற்குத்தான் நேரம் இருந்தது. அது வராத நாளில் எனக்கும் தண்டால் எடுக்க மனம் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கை கொஞ்சம் கெட்டிப்பட்டது. கால்தான் நடுங்கியது. கட்டையின் அடியில் கைகொடுத்து உந்தும்போது முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. காலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வளவு மாடத்தில் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தபோது தொடையில் சுரீர் என்று இழுத்தது. அட, இது இத்தனை நாளாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறதே என்று தோன்றியது. பயில்வான் காட்டிக்கொடுக்காததைப் பிள்ளையார் காட்டிக்கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் மாடத்துக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்கும் வரை உட்கார்ந்து எழுந்தேன். மறுநாள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். விடவில்லை. சில நாளில் வீட்டில் ஒரு மாறுதல் தெரிந்தது. அத்தை என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். தெருப் பெண்கள் கொல்லை வழியாக வந்து, நான் உட்கார்ந்து எழுவதைத் தூணோரம் நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி என் தலையில் கை வைத்து, "பிள்ள வேண்டுதலுக்குப் பிள்ளையாரு எறங்காம இருப்பாரா" என்றாள். தொடை வலிக்கும் வேண்டுதலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் கொடுத்த சீடை நன்றாக இருந்ததால் மறுத்துச் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் நான் காதைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது பக்கத்தில் புடவைச் சரசரப்புக் கேட்டது. ஆத்தா. தலையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்க்காமல் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள். நான் எழும்போது எழுந்தாள். நான் களைத்து நின்றேன். அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள்.

ஆத்தாவும் கட்டையைத் தூக்கப் பழகுகிறாள்! அவள் முந்திக்கொண்டு ஒருத்தியாகத் தூக்கிவிட்டால் அப்பச்சியின் வாக்கு என்ன ஆகும்? அவர் சொன்னது நான் தூக்க வேண்டும் என்றுதான். அதற்குப் பிறகு கவனித்தால் ஆத்தா எல்லாவற்றிலும் என்னை மிஞ்சிக்கொண்டிருந்தாள். குடிதண்ணீர்க் குளமான ஊருணியிலிருந்து தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வந்தாள். நான் பிறகு பழகலாம் என்று வைத்திருந்த உலக்கையைப் பிடித்து நெல் குத்தினாள். கைநரம்பு புடைத்திருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஆத்தா, நீ எதுக்குப் போடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ எதுக்குப் போடுறியோ அதுக்குத்தாய்யா" என்றாள்.

சந்தேகம் தீர்ந்தது. மறுநாள் முதல் அவளுக்கு முன்னால் எழுந்து, அவள் நிறுத்திய பிறகும் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் நிறுத்துவேன். அவள் விடுவதாக இல்லை. பிள்ளையாருக்கு முன்னால் ஆளுக்கு ஒரு காரணத்தோடு இருவரும் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தோம்.

அப்பச்சி வந்தது ஒரு பிற்பகலில். ஆத்தாவும் அத்தையும் கொல்லைக் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வளவில் தனியாக இருந்தேன். வாசல்கதவை யாரோ தட்டினார்கள். தட்டினார்கள் என்பதைவிடத் தடவினார்கள் என்று சொல்ல வேண்டும்.

"யாரு?"

"நாந்தாப்பா."

"நாந்தான்னா?"

"அப்பச்சி."

அந்தக் குரல் எனக்குப் பிடிபடவில்லை. என் அப்பச்சி பேசினால் வளவு நிறையும். இது தொண்டை காய்ந்த யாரோ ஒருவருடைய குரல். ஆனால் அந்தக் குரல் என் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அந்தப் பெயர் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஓடிப்போய் ஆத்தாவைக் கூப்பிடக் காலெடுத்தவன் அப்படியே நின்றேன். அவர்கள் வந்தால் இருவருமாகக் கட்டையை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அப்பச்சி மறுபடியும் போய்விடுவார்.

"கொஞ்சம் இருங்க அப்பச்சி! நான் ஒருத்தனாத்தான் எடுப்பேன்!" என்று கத்தினேன்.

அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ என்று பயமாக இருந்தது. பிறகு, "சரிப்பா. மெதுவா எடு" என்று கேட்டது. கதவின் மேல் எதுவோ சாய்வது போல ஒரு சத்தமும் கேட்டது.

கைகொடுத்து உந்தினேன். அசைந்தது; வரவில்லை. இன்னொரு தடவை உந்தினேன். கை வழுக்கியது. ஓணான் கற்றுக்கொடுத்த பலமெல்லாம் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் கட்டைக்கு அடியில் நுழைந்து, அதன் நடுவைப் பிடரியில் தாங்கி, காதைப் பிடிக்காத குறையாகக் குந்தினேன். பிள்ளையாரப்பா என்று எழுந்தேன். கொக்கிகள் கிறீச்சிட்டன. கட்டை ஏறியது. ஏறிய கட்டையை இறக்குவது எப்படி என்று நான் பழகியிருக்கவில்லை. தோளிலிருந்து உருண்டு, வீடே அதிரும்படி தரையில் விழுந்தது. அங்கே ஒரு தரைக்கல் விரிசல் விட்டது.

கதவை இழுத்துத் திறந்தேன். தாடி வைத்த ஒரு மனிதர், காலில் செருப்புக்குப் பதிலாகத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி வெள்ளையாக இல்லை. இவர்தானா என்று நான் முழிக்கும்போது அவர் குனிந்து என் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்தார். கட்டைவிரல்கள் தோளுக்கு முன்னால் வந்து அமர்ந்த இடம் பழைய இடம். அப்பச்சிதான்!

அவர் தூக்கினார். என் குதிகால் எழும்பியது. விரல்கள் தரையை விடவில்லை. இன்னொரு முறை மூச்சைப் பிடித்துத் தூக்கினார். என்னை விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னத் தூக்க முடியலையா, அப்பச்சி?"

"இல்லப்பா. நீ பெரிய ஆளாயிட்ட" என்றார்.

எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கட்டையையும் எடுத்தாயிற்று, அப்பச்சியாலேயே தூக்க முடியாத ஆளாகவும் ஆகிவிட்டேன். தலை நிலையைத் தொடாதது மட்டும் எங்கோ ஒரு மூலையில் உறுத்தியது.

கட்டை விழுந்த சத்தம் கேட்டு ஆத்தா ஈரக்கையோடு ஓடி வந்தாள். வந்தவள் நின்றாள். "வந்துட்டீகளா" என்றாள். பின்னால் வந்த அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பச்சி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆத்தா அவருக்கு முன்னால் குந்தினாள். முதுகுக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை கொடுத்தாள். தோப்புக்கரணத்தில் எழுவது போல நேராக எழுந்தாள். அப்பச்சி அவள் கையில் இருந்தார்! விழுந்து கிடந்த கட்டையைத் தாண்டி, பட்டப்பகலில், தெருக்கதவு திறந்து கிடக்க, அவள் அவரை வளவுக்குள் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் கட்டைக்குப் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டேன். அப்பச்சியால் என்னைத் தூக்க முடியவில்லை. அந்த அப்பச்சியை ஆத்தா தூக்கிவிட்டாள். அப்படியானால் வீட்டில் பலசாலி அவள்தான். நான் அவளைவிட அதிகம் தோப்புக்கரணம் போட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் வாயில் அவள் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். "எப்ப ஆத்தா இம்புட்டுப் பலசாலியா ஆன?" அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து அப்பச்சி தூணில் சாய்ந்து உட்காரத் தொடங்கியதும் வாக்கை ஞாபகப்படுத்தினேன்.

"கட்டைய நான் ஒருத்தனாத்தான் எடுத்தேன். இனிமே நீங்க போகக் கூடாது."

"போகலப்பா" என்றார்.

மறுத்தால் என்னென்ன சொல்லி வாதாட வேண்டும் என்று நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவர் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது ஒரு மாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் காட்டு வழியே நடந்தே வந்தார் என்பதையும், திரும்பிப் போக அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பலத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு என் பயிற்சி முடிந்தது. தைல டப்பாவில் கோலிக்குண்டு போட்டு வைத்தேன். ஓணானைப் பார்க்கவும் போகவில்லை. ஆனால் ஆத்தா மட்டும் விடியும்போது எழுந்து, குளித்து, தலையில் ஈரத்துணியோடு மாடத்துக்கு முன்னால் வந்து நின்று காதைப் பிடித்தாள். இன்னும் தானாக எழுந்து நடக்க முடியாத அப்பச்சிக்குப் பக்கத்தில், நான் பாயில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். கட்டையை எடுத்தாயிற்று, அப்பச்சியையும் தூக்கியாயிற்று. இன்னும் எதைத் தூக்குவதற்கு இவள் பழகுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.